பி.காம். படிக்கும் எனக்கு உயிரியல் எப்படிப் புரியும்?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் இருந்து, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டாயிற்று. இந்த செமஸ்டரில் என்.எம்.இ. (வேறு துறையில் இருந்து எடுக்கும் விருப்பப் பாடம்) பேப்பராக அடிப்படை உயிரியல் வந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா, மியாசிஸ் என்று பெயர்களை உருப்போட்டால் மறுநாளே மறந்துபோகிறது. இதை எப்படிப் படிப்பது? கணக்குப் பதிவியல் படிக்கிறவளுக்கு இது எதற்கு?

டெல்டாவில் கலைப்பிரிவு மாணவர்களுக்கு இந்தப் பேப்பரைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயர்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவை மறந்துபோவது உங்கள் ஞாபகசக்தியின் குறை இல்லை. எந்தக் கேள்விக்கு விடையாக அந்தப் பெயர் வந்தது என்று சொல்லாமலேயே பெயரை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கேள்வி முதலில், விடை அடுத்து, பெயர் கடைசியில் என்று வரிசையை மாற்றிப் படித்தால் பாடம் பாதியாகச் சுருங்கும். வீட்டில் நெல் சாகுபடி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் கேள்வி: வயலில் விளைந்த எடை எங்கிருந்து வந்தது? உங்கள் பாட முறையிலேயே ஒரு வரவு செலவுக் கணக்குப் போடுவோம். ஒரு மா (ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் அறுபது கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை நெல் விளைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 600 கிலோ. ஏறக்குறைய அதே எடைக்கு வைக்கோலும் இருக்கும். மொத்தம் ஆயிரம் கிலோவுக்கு மேல். நீங்கள் உள்ளே போட்டது என்ன? விதைநெல் சில கிலோ, யூரியா ஏறத்தாழ ஒரு மூட்டை, கொஞ்சம் டி.ஏ.பி., கொஞ்சம் பொட்டாஷ். எல்லாம் சேர்த்தும் நூறு கிலோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மிச்சம் ஆயிரம் கிலோ வந்த வழி எது? வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "மண்ணில இருந்து சார்" என்பார்கள். அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாக விளையும் காவிரிப் படுகையில் வயல்கள் இந்நேரம் குளமாகப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் இதைத் தராசில் வைத்தே பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது அறுபது கிராமுக்கும் கீழே. 1648இல் அச்சேறிய இந்தச் சோதனையில் அவர் எட்டிய முடிவு, மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்பது. மண் இல்லை என்றதில் அவர் சொன்னது சரி. தண்ணீர் மட்டுமே என்றதில் கணக்கில் ஒரு வரவு விடுபட்டது: காற்று. காற்றில் வெறும் 0.04 சதவீதம் அளவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைத்தான் இலை இழுத்து, தண்ணீரோடு சேர்த்து, வெயிலின் ஆற்றலால் சர்க்கரையாக்குகிறது. நெல், வைக்கோல், வேர் எல்லாமே அந்தச் சர்க்கரையின் மறுவடிவங்கள். உலர்ந்த எடையில் பெரும்பகுதி கார்பனும் ஆக்சிஜனும். மண்ணின் பங்கு சிறிது. ஆனால் அந்தச் சிறிது இல்லாமல் எதுவும் நடக்காது.

இதற்கு ஓர் எதிர்ச்சோதனை உங்கள் ஊர் ரைஸ் மில்லிலேயே நடக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதிலும் பெரும்பாலானது சிலிக்கா. அதுதான் மண்ணில் இருந்து வந்தது. மற்ற நான்கு பங்கும் காற்றுக்கே திரும்பிவிட்டது. (நெல் சிலிக்காவை மிகுதியாக எடுக்கும் பயிர் என்பதால் சாம்பல் இவ்வளவு, மற்ற பல செடிகளில் இதைவிடக் குறைவு.) இப்போது ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள். அது பார்முலாவாகத் தெரியாது, டேலி ஆன கணக்காகத் தெரியும். பச்சையம், பசுங்கணிகம் என்ற பெயர்களும் அந்தக் கணக்கில் எந்த வரியில் வருகின்றன என்று தெரிந்தபின் மறக்காது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே? விடாது. தண்ணீர் மூலக்கூறு பிளந்து ஆக்சிஜன் வெளியேறுவதற்கு ஒளி வேண்டும். இருட்டில் எந்தச் செடியாலும் அது முடியாது. மாறாக, இரவும் பகலும் எல்லாச் செடிகளும் நம்மைப் போலவே சுவாசிக்கின்றன. "செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்று எழுதினால் மார்க் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் விடைத்தாளில் வரும் பிழை இது.

அடுத்து உளுந்து. சம்பாவோ தாளடியோ அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளிப்பது உங்கள் பக்கத்து வழக்கம். நெல் அறுத்தபின் தண்ணீர் விடாமல், பனியிலும் மிச்ச ஈரத்திலும் அது விளைந்துவிடுகிறது. உரமும் அவ்வளவாக வேண்டியதில்லை. ஏன்? மாசி மாதம் ஒரு உளுந்துச் செடியை வேரோடு, பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுங்கள். வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். சிவப்பென்றால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

அந்தச் சிவப்பு நம் ரத்தச் சிவப்பின் உறவுக்காரப் புரதம்: லெக்ஹீமோகுளோபின். ஒரு செடியின் வேரில் இதற்கு என்ன வேலை? முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உரத் தொழிற்சாலை அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் பெரும் அழுத்தமும் செலவழிக்கிறது. ரைசோபியத்திடம் உள்ள நைட்ரஜனேஸ் நொதி வயல் வெப்பத்திலேயே அதைச் செய்கிறது. ஆனால் அந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா உயிரோடிருக்கவோ ஆக்சிஜன் தேவை. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதுதான் லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜனைத் தன்னோடு பிடித்துவைத்து, சுவாசத்துக்கு வேண்டிய அளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

செடி இந்தக் கூலியைச் சர்க்கரையாகக் கொடுக்கிறது, அதுவும் தாராளமாக. அதனால்தான் மண்ணில் யூரியா ஏற்கெனவே நிறைய இருந்தால் முடிச்சுகள் குறைகின்றன. உளுந்து விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து புரட்டி நிழலில் உலர்த்தி விதைப்பார்களே, அது இந்தக் கூட்டாளியை விதையோடே அனுப்பிவைக்கும் ஏற்பாடு. புத்தகத்தில் "கூட்டுயிர் வாழ்க்கை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ஒரு நொதி, ஒரு புரதம், ஓர் உயிரி, ஒரு செடி, ஒரு வயல், ஒரு குடும்பத்தின் வருமானம் என்று ஆறு படிகளும் ஒரே உருண்டையில் தெரிகிற இடம் உயிரியலில் அதிகம் கிடையாது. உங்கள் மைட்டோகாண்ட்ரியாவையும் இங்கேயே கட்டிப்போடலாம்: அதுவும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்றும் அதற்குச் சொந்தமாக டி.என்.ஏ. இருக்கிறது.

மரபணுப் பாடத்துக்கு வருவோம். பட்டாணி, மெண்டல், 3:1 விகிதம் எல்லாம் பரீட்சைக்கு வேண்டும், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மரபணு என்ன செய்கிறது என்பது வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல்லில் இன்னும் நன்றாகப் புரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம் சம்பா நாற்று முழுவதும் மூழ்கினால் சாதாரண நெல் என்ன செய்யும்? தண்ணீருக்கு மேலே தலைநீட்ட வேகமாக நீளும். அதற்குள் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்து, தண்ணீர் வடியும்போது தொய்ந்து விழுந்து அழுகும். ஒடிசாவில் இருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகம் நேர்மாறாக நடந்துகொள்ளும். மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும்; தண்ணீர் வடிந்தபின் அந்தச் சேமிப்பை வைத்துப் புதிதாகத் துளிர்க்கும். ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமான சப்1ஏ மரபணு நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை 2006இல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? மூழ்கிய செடிக்குள் எத்திலின் வாயு தேங்குகிறது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும்போது புகையில் இருந்து வேலை செய்யும் அதே வாயுதான். தேங்கிய எத்திலின், சப்1ஏ மரபணுவை முடுக்கிவிடுகிறது. அதில் இருந்து உருவாகும் புரதம், செடியை நீளச் செய்யும் ஜிப்ரெல்லின் ஹார்மோனின் பேச்சைக் கேட்காதபடி தடுக்கிறது. ஆக, மரபணு என்பது "வெள்ளம் தாங்கும் குணம்" என்று எழுதிவைத்த சீட்டு இல்லை. அது ஒரு புரதத்துக்கான செய்முறை. அந்தப் புரதம் எப்போது, எங்கே உருவாகிறது என்பதைப் பொறுத்துக் குணம் அமைகிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்று புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருப்பது இதைத்தான். சப் 1 ரகங்கள் மரபணு மாற்றுப் பயிர்களும் அல்ல. வழக்கமான கலப்பினச் சேர்க்கையே செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த மரபணு வந்திருக்கிறதா என்று டி.என்.ஏ. சோதனையால் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை.

இனி நான் நேரம் எடுத்துச் சொல்ல விரும்பும் பகுதி. கலைப்பிரிவு மாணவர்களுக்கு மட்டுமல்ல, உயிரியலையே முதன்மையாகப் படிப்பவர்களுக்கும் வழுக்கும் இடம் இதுதான்.

புகையான் விழுந்து வட்டம் வட்டமாக நெல் காய்ந்துபோன வயலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. ஒரு மருந்து சில வருஷம் கேட்கும், பிறகு கேட்காது. இமிடாகுளோப்ரிட் என்ற மருந்துக்கு 2000களில் ஆசியாவின் பல நாடுகளில் இப்படித்தான் ஆயிற்று. வரப்பில் நின்று கேட்டால் "பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார்கள். வாழ்க்கையில் நாமும் காரத்துக்குப் பழகுகிறோம், வெயிலுக்குப் பழகுகிறோம். அதனால் அந்த விளக்கம் உடனே ஒத்துப்போகிறது. ஆனால் நடந்தது அதுவல்ல.

ஒரு பேச்சுக்கு வயலில் பத்தாயிரம் பூச்சி என்று வையுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டது. மருந்து தெளிப்பதற்கு முன்பே, அதில் ஒரு பத்து பூச்சியின் உடலில் அந்த நஞ்சை வேகமாகச் சிதைக்கும் திறன் தற்செயலாக இருக்கிறது. மருந்து விழுந்த அன்று மற்றவை செத்தன. எந்தப் பூச்சியும் பழகவில்லை. பழகுவதற்கு உயிரோடு இல்லை. மிஞ்சியவை பெரும்பாலும் அந்தப் பத்து. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். சில தலைமுறைகளில் வயல் முழுக்க அந்த வம்சம். ஒவ்வொரு பூச்சியும் பிறந்தபடியே செத்தது. மாறியது கூட்டத்தில் யார் எத்தனை என்ற விகிதம். இயற்கைத் தேர்வு என்று டார்வின் சொன்னது இதைத்தான்: வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைக்குப் போக வேண்டும், அதனால் பிழைப்பதில் வித்தியாசம் வர வேண்டும். மூன்றும் இருந்தால் கூட்டம் மாறியே தீரும். யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை.

மருந்துக்கு மட்டும் இல்லை, நெல் ரகத்துக்கும் இதே கதை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 ரகத்தை வெளியிட்டது. பெரும் பரப்பில் நட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்த ரகத்தையும் தின்னும் புகையான் கூட்டம் பெருகிவிட்டது. வேறொரு எதிர்ப்பு மரபணுவோடு 1976இல் ஐ.ஆர். 36ஐக் கொண்டுவர வேண்டியிருந்தது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது: கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், அதன் முட்டையைக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகின்றன. மருந்தடித்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருவது இதனால்தான். உணவு வலைப் பாடத்தைத் தவளை, பாம்பு, கழுகு படத்தோடு நிறுத்தாமல் இந்தச் சிலந்தியில் இருந்து படித்துப் பாருங்கள்.

தனி உயிரைப் பார்ப்பது, கூட்டத்தைப் பார்ப்பது என்ற இந்த வேறுபாடு பிடிபட்டால் மருத்துவச் செய்திகளும் வேறு மாதிரி தெரியும். கும்பகோணத்துக்கு ஒரு காலத்தில் யானைக்கால் நோயால் கெட்ட பெயர் இருந்தது. பசுமைப் புரட்சி விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அங்கே 1925இல் பிறந்தவர். அவருடைய தந்தை டாக்டர் சாம்பசிவன், கொசு பெருகும் இடங்களை ஊர் மக்களைக் கொண்டே அழிக்க முன்னின்றவர்.

அந்த நோயின் உயிரியல் அபாரமானது. உசெரேரியா என்ற நூல்புழு நம் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கியிருந்து, ராத்திரியில் வெளி ரத்தத்துக்கு வருகின்றன. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். யானைக்கால் கணக்கெடுப்புக்காரர்கள் ஊர் அடங்கிய பிறகு வந்து விரலில் ரத்தம் எடுத்ததற்குக் காரணம் அதுவே. நாம் விழித்திருக்கும் நேரத்தில் எடுத்தால் கிருமியே இல்லாததுபோல் தெரியும். இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். ஒரு நோயைக் கொசுவோடு இணைத்துக் காட்டிய முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

கொசுவுக்குள் புழு வளரும், ஆனால் எண்ணிக்கை பெருகாது. ஒன்று உள்ளே போனால் அதிகபட்சம் ஒன்றுதான் வெளியே வரும். ஆகவே ஒன்றிரண்டு கடியில் நோய் பற்றுவது அரிது. பல மாதங்கள், பல கடிகள் வேண்டும். இது நமக்குச் சாதகம். ஊரில் உள்ளவர்களின் ரத்தத்தில் இருக்கும் குஞ்சுகளை ஒரே சமயத்தில் குறைத்துவிட்டால், கொசு கடித்துக்கொண்டே இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். 2004 முதல் இந்தியாவில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய எல்லோருக்கும் அந்தக் குஞ்சுகளைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தது அதற்காக. "எனக்குத்தான் நோயே இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று அப்போது கேட்டவர்கள் தனி உடம்பைப் பார்த்தார்கள். மாத்திரையோ ஊருக்கானது. கேட்டவர்களை அறியாதவர்கள் என்று தள்ளுவது தவறு. இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். உங்களைப் போல வேறு துறைக்குப் போகிறவர்கள்தான் நாளை பஞ்சாயத்திலும் வங்கியிலும் பள்ளிக் குழுவிலும் உட்காருவீர்கள். ஆகவே இந்தப் பேப்பர் உயிரியல் மாணவர்களைவிட உங்களுக்கு அவசியம் என்பது என் கட்சி.

மிச்சப் பாடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வகைப்பாட்டியலில் ஐந்து உலகங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஊரில் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு: போதும். செல் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து, ஒவ்வொரு பாகமும் கெட்டுப்போனால் செல்லுக்கு என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். மைட்டாசிஸ், மியாசிஸ் இரண்டும் குழம்பினால், எங்கே நடக்கிறது என்று மட்டும் முதலில் கேளுங்கள். நாற்றின் வேர்நுனியில் நடப்பது மைட்டாசிஸ். 24 குரோமோசோம் அப்படியே 24. நெற்பூவின் மகரந்தப்பையில் நடப்பது மியாசிஸ். 24 பாதியாகி 12. அது சூலில் உள்ள 12ஓடு சேர்ந்து மறுபடி 24. சவ்வூடு பரவலுக்கு 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் உப்புநீர் ஏறிய வயல்களை நினையுங்கள்: ஈரம் இருந்தும் பயிர் வாடியது, ஏனென்றால் வெளியே உப்பு அதிகமானால் வேருக்குள் தண்ணீர் வராது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒருமுறை போனால், அதே உப்பை இலை வழியே வெளியேற்றி வாழும் மரத்தின் இலையை நாக்கில் வைத்தே உறுதி செய்யலாம்.

நடைமுறைக்கு: பல்கலைக்கழகப் பாடநூலை எடுப்பதற்கு முன் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மரபியல், பரிணாமம் இரண்டு பாடங்களையும் படித்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன்பின் பதினொன்றாம் வகுப்பு உயிரி தாவரவியல், உயிரி விலங்கியல் புத்தகங்களில் உங்கள் சிலபஸில் உள்ள தலைப்புகளை மட்டும். கைடு புத்தகம் கடைசி வாரத்துக்கு, கேள்வி எப்படி வரும் என்று பார்க்க. படித்த ஒவ்வொரு தலைப்பையும் வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ பெயர்ச்சொல் எதுவும் இல்லாமல் சொல்லிக்காட்டுங்கள். அவர்கள் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் இடத்தில் நீங்கள் தடுமாறினால், திரும்பப் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். குறிப்பிட்ட பாடத்தில் சிக்கினால் எந்த வரியில் சிக்கினீர்கள் என்று எழுதுங்கள். அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.